முதல் காய்ச்சல் வருவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரைக்குக் குடிவரும் ஓய்வுபெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும், அரசுப் பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்ற என் மனைவியும், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் என் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டுக்குக் குடிவந்தோம். வீட்டுக்கு வெள்ளையடித்தோம், கிணற்றைத் தூர்வாரினோம், கட்டிலும் பீரோவும் லாரியில் வந்து இறங்கின. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நான்காம் மாதத்தில் ஒரு நள்ளிரவு மனைவிக்குக் காய்ச்சல் ஏறியது. எந்த மருத்துவமனைக்குப் போவது, காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வழியை 108-க்கு எப்படிச் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் எங்களிடம் விடை இல்லை. அவசரத்தில் ஓர் ஆட்டோக்காரர் காட்டிய தனியார் மருத்துவமனையில் சேர்த்து, முன்பணம் கட்டிய பிறகுதான், அது எங்கள் காப்பீட்டுப் பட்டியலில் இல்லாத இடம் என்று தெரிந்தது.

அந்த இரவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்தால், குடிவந்த மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். வரிசையை மாற்றினால் ஒவ்வொரு அலுவலகத்திலும் "அந்தக் காகிதம் எங்கே?" என்று திருப்பி அனுப்புவார்கள், எங்களை அனுப்பினார்கள்.

1. முதலில் எரிவாயு இணைப்பு, அதன் பிறகு ஆதார் முகவரி

பூர்வீக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சிக்கும் இடம் இது. மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் தகப்பனார் பெயரிலோ பெரியண்ணன் பெயரிலோ இருக்கும், அவற்றை உங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றும் உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்காகும். அதுவரை ஆதாரில் பழைய ஊர் முகவரியே இருக்கும். ஆதாரில் பழைய முகவரி இருக்கும்வரை வங்கியிலும் ரேஷன் கடையிலும் உங்களைப் பழைய ஊர்க்காரராகவே நடத்துவார்கள்.

குறுக்கு வழி எரிவாயு இணைப்புதான். பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அங்குள்ள ஏஜென்சியில் உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, இடமாற்றச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைப் புதிய ஊர் ஏஜென்சியில் கொடுத்து உங்கள் பெயரில் இணைப்பு பெற்றுவிட்டால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட எரிவாயு ரசீது ஆதார் முகவரி மாற்றத்துக்குச் சான்றாக ஏற்கப்படும். இணையம் வழியாக விண்ணப்பித்தால் கட்டணம் ரூ. 75.

இணைப்பு கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்கு என்ன செய்வது? கணவரின் ஆதாரில் முகவரி மாறிய பிறகு, குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் முறையில் மனைவி விண்ணப்பிக்கலாம். உறவைக் காட்ட ரேஷன் அட்டையோ திருமணச் சான்றோ போதும். ஆனால் குடும்பத் தலைவர் தம் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் தானாக மூடப்படும். கட்டிய பணம் திரும்பாது. கைப்பேசிக்கு வந்த அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து நான் திறந்தே பார்க்கவில்லை. ஒரு மாதமும் கட்டணமும் வீணாயின. ஆகவே விண்ணப்பித்த அன்றே, அதே இடத்தில் உட்கார்ந்தபடியே, சம்மதத்தையும் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

ஆதார் மாறியதும் ரேஷன் அட்டையின் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அவசரம் இல்லை. தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்க வழி இருக்கிறது.

2. உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம்

ஓய்வூதியம் நிற்காமல் வருவதற்காக, உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கொருமுறை காட்டுவதே உயிர்வாழ் சான்று. ஒரே வீட்டில் இரண்டு விதமான ஓய்வூதியம் வந்தால் இரண்டு விதமான கெடுவும் வரும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். அவர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் பெறும் என்னைப் போன்றவர்கள் ஆண்டில் எந்த நாளிலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். என் மனைவிக்கு மே மாதம் என்பதால் நானும் மே மாதத்திலேயே கொடுக்கப் பழகிக்கொண்டேன். தம்பதியர் இருவருக்கும் ஒரே நாள் என்றால் மறதிக்கு இடமில்லை.

சான்று கொடுக்கப் பழைய ஊருக்குப் பயணம் போகத் தேவையில்லை. மூன்று வழிகள் உள்ளன. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்தால் செலவே இல்லை. தபால்காரரை வீட்டுக்கு அழைத்தால் அஞ்சல் வங்கி ரூ. 70 வாங்கும். இ-சேவை மையத்துக்கும் போகலாம். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஆதாருடன் இணைத்த கைப்பேசி ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும்.

வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். என் மனைவியின் விரல்களை இயந்திரம் ஐந்து முறை மறுத்தது. முகப்பதிவு முதல் முறையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெளிச்சம் முகத்தின் மேல் விழும்படி சன்னலைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் பதிவாகாது. சான்று எண் குறுஞ்செய்தியாக வந்ததோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஓய்வூதிய ஆணை எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பின்னால் நிராகரிக்கப்படும் என்பதால், சில நாட்கள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

வைப்பு நிதி ஓய்வூதியத்துக்காக வங்கிக் கிளையை மாற்றவும் வேண்டாம். 2025 ஜனவரி முதல் அந்த ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம்.

3. காப்பீட்டு அட்டையை இன்றே எடுத்துப் படியுங்கள்

மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து காப்பீட்டுத் தொகை கழிக்கப்படுகிறது. அட்டையில் துணைவர் பெயரும் படமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, காப்பீட்டுப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ராமநாதபுரத்தில் இரண்டு, மதுரையில் இரண்டு என்று குறித்து, அட்டையின் பின்புறம் ஒட்டி வையுங்கள். எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை என்பதும் பட்டியலில் இருக்கும். கண் சிகிச்சைக்கு மட்டும் சேர்க்கப்பட்ட இடத்துக்கு நெஞ்சுவலியோடு போய்ப் பயனில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் செலவழித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது நீண்ட வேலை. நாங்கள் மூன்று முறை மனு எழுதினோம்.

அரசு ஓய்வூதியம் இல்லாமல், குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இ-சேவை மையம் வழியாக வருமானச் சான்று கேட்டால் கட்டணம் ரூ. 60.

எந்தக் காப்பீடாக இருந்தாலும் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் உதவாது. படுக்கையில் சேர்த்தால்தான் உதவும். அன்றாட மருந்துச் செலவை உங்கள் கையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அதனால்தான் அடுத்த படியை நான் காப்பீட்டைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

4. உடல் நன்றாக இருக்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்

இதற்கு மட்டும் வரிசை பார்க்க வேண்டாம். குடிவந்த முதல் வாரத்திலேயே, எந்த நோயும் இல்லாத ஒரு காலையில், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தில், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளைச் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். எங்கள் தெருவுக்கு வரும் பெண், மாத்திரை கொடுப்பதோடு கால் வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் போவார். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணி பேருந்தில் ஏறிப் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

பழைய ஊர் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதத்தில் நோய் விவரத்தையும், மாத்திரைகளின் மூலப்பெயரையும் எழுதி வாங்கி வாருங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் இங்குள்ள சிறு மருந்துக்கடைகளில் கிடைக்காமல் அலைவீர்கள். மூலப்பெயர் இருந்தால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கலாம்.

இன்னொன்று, ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்ட வேண்டியது. கடற்கரைக் குடியிருப்புகளில் கதவு எண்ணைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "நெடுஞ்சாலையில் இன்ன பேருந்து நிறுத்தம், அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் அம்மன் கோவில், அதற்கு அடுத்த பனந்தோப்பை ஒட்டிய நீலக் கதவு வீடு" என்று முழு வழியையும் எழுதி, அதன் கீழே 108, உடல்நல ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களையும், பக்கத்து வீட்டார் இருவரின் எண்களையும் எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கே வழி சொல்ல வராது.

5. தண்ணீரைப் பழகுங்கள்

இந்தக் கரையோரத்தில் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, குடக்கணக்கில் விற்கும் நீரையோ, கேன் தண்ணீரையோதான் பயன்படுத்துகிறோம். இருவருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய நீரை எப்போதும் மூடிய பாத்திரத்தில் இருப்பு வையுங்கள். குழாய் வராத வாரமும் உண்டு.

நாங்கள் செய்த பெரும் தவறு இதில்தான். மனைவிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை வாங்கி வந்து, கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கரைத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தாகம் கூடியதே தவிரத் தளர்ச்சி குறையவில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், டம்ளரை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியிலயா கரைச்சீங்க, அக்கா?" என்றார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் கூடும். அந்தப் பொட்டலத்தில் உப்பின் அளவு உப்பில்லாத ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கென்றே கணக்கிடப்பட்டது. ஆகவே நல்ல தண்ணீரில், பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் மட்டும் கரையுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டையும் இதே கவனத்தோடு அளவாகச் சேர்க்க வேண்டும்.

6. சிறு நோய்களில் வீட்டில் பார்க்கக்கூடியவை, பார்க்கக்கூடாதவை

வடகிழக்குப் பருவமழையான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், அதையடுத்த வாரங்களிலும் வரும் காய்ச்சலை டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாராசிட்டமால் மட்டும், போதிய இடைவெளி விட்டு எடுக்கலாம். உடல்வலிக்கென்று கடையில் தரும் மற்ற வலிமாத்திரைகள் டெங்குவில் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும். இரண்டு நாளில் இறங்காத காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்து வீட்டில் இருப்பதுதான் ஆபத்து.

சித்திரை, வைகாசி வெயிலில் தலைசுற்றல் சாதாரணமாக வரும். அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது மேலும் கூடும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று பங்குனியிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பதநீரும் நுங்கும் இந்த மண்ணின் அருமையான பொருட்கள்தான். ஆனால் பதநீரில் இனிப்பு உண்டு, சர்க்கரை உள்ளவர்கள் சொம்புக் கணக்கில் குடிக்கக்கூடாது.

7. வெளியே போவதற்கு உரிய காலமும் செலவும்

உடம்பு தேறியதும் வெளியே கிளம்புங்கள். இங்கே குடிவந்ததே அதற்காகத்தான். தை, மாசி இரண்டும் மிக நல்ல மாதங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடபுறத்துப் பாக் நீரிணைக் கடல் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்புறத்து மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், மணல் கண்ணில் அடிக்கும். தனுஷ்கோடியில் ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் சீறும் ஆண்கடல் என்று மீனவர்கள் சொல்வதை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் குளிக்க இறங்காதீர்கள். அரிச்சல்முனை வரை நிழல் கிடையாது. காலை ஏழு மணிக்குள் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவது முதியவர்களுக்கு நல்லது.

ராமேஸ்வரம் கோவிலில் 22 தீர்த்தங்களிலும் நீராட ஒருவருக்கு ரூ. 25 சீட்டு. பணத்தை விடக் கவனிக்க வேண்டியது தரை: எப்போதும் ஈரமாக இருக்கும் கல்தளத்தில் கூட்டம் விரைந்து நடக்கும். முழங்கால் தேய்ந்தவர்கள் துணையில்லாமல் போகாதீர்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுடை அவசியம். சர்க்கரை நோயாளிகள் விரதம் என்று வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கக்கூடாது. இடுப்புப் பையில் ஒரு கருப்பட்டித் துண்டு இருக்கட்டும். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றிலும் பெருங்கூட்டம் கூடும் நாட்கள். உள்ளூர்வாசியான நீங்கள் வேறு நாளில் நிதானமாகப் போகலாம்.

முதல் வெளிப்பயணத்துக்கு நான் சொல்வது திருப்புல்லாணிப் பெருமாள் கோவில். ராமநாதபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஏறி இறங்கும் வேலை அதிகமில்லை. பாயசப் பிரசாதமும் உண்டு. காலையில் போனால் மதிய மாத்திரைக்கு வீடு திரும்பிவிடலாம். பறவை பார்க்க விரும்பினால் கார்த்திகை முதல் மாசி வரை சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களுக்குப் போகலாம். அங்கே போகும் பாதையில் கடைகள் குறைவு. தண்ணீரும் உணவும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வாடகை வண்டி எடுத்தால், கிலோமீட்டர் கணக்கா மொத்தத் தொகையா, காத்திருப்புக்குத் தனியா என்பதைக் கிளம்பும் முன் பேசி முடியுங்கள். இன்சுலினை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கோவிலுக்குள் போகாதீர்கள். அடைத்த வண்டியின் சூட்டில் அது கெட்டுவிடும்.

8. பேரப்பிள்ளைகள் வரும் விடுமுறை

ரயிலில் 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு தொடங்கும். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச் முதல் இல்லை. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் உண்டு. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் தனியாகவோ இருவராகவோ ஒரு சீட்டில் பயணம் செய்தால்தான் அது பொருந்தும். பேரன் பேத்தியையும் அதே சீட்டில் சேர்த்துப் பதிவு செய்தால் ஒதுக்கீடு போய்விடும். முதியவர்களுக்குத் தனிச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் கடலில் இறக்கும்போது, ஆழமில்லாத மணற்பகுதியில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அசைவு தெரிந்து விலகிப்போகும். திருக்கை முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை மூழ்க வைத்தால் வலி தணியும். சூட்டைப் பெரியவர் ஒருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் காலை இறக்க வேண்டும். அதன் பிறகு முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், தடுப்பூசி போடவும் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். மூச்சுத்திணறலோ உடம்பெங்கும் தடிப்போ தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அவர்கள் வழி கேட்கும்போது, கதவில் ஒட்டிய தாளில் இருப்பதைப் பத்து வயதுப் பேத்தியும் படித்துச் சொல்ல முடியுமா என்று, அவள் வந்திறங்கிய அன்றே ஒருமுறை படிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.